தழையை எப்போது எடுத்தேன்

அவர் எனக்கு முன்னால்தான் போயிருக்கிறார். போயிருக்க வேண்டும். சத்தம் கேட்டதே. மிதிக்காமல் சும்மா உருள விட்டால் பின்சக்கரம் டிக்டிக்கென்று ஒரு சத்தம் போடும், அது கைக்கெட்டும் தூரத்தில் என்னைக் கடந்து போனது. நான்தான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதென்றுதானே நாவல் மரத்தின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். அறுபது வயது மனுஷன், ஓடையைக் கடந்ததும் சைக்கிளை நிறுத்திவிட்டு, காட்டைப் பார்த்தபடி, நீங்க கொஞ்சம் முன்னால போங்கம்மா என்றார். காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன. காலையிலிருந்து மூன்று டம்ளர் டீ குடித்தவர், குளிர் வேறு. நான் தலையைக் குனிந்துகொண்டு முன்னால் ஓட்டி வந்து, பாதை இரண்டாகப் பிரியும் இடத்தைத் தாண்டி, வலது பக்கம் வளைவுக்கு அப்பால் மரத்தடியில் ஒதுங்கி நின்றேன். அவர் கடந்து போகும்போது என் முகத்தைப் பார்க்க நேர்ந்தால் அவருக்குக் கூச்சம், எனக்கும் கூச்சம். அதனால் மரத்தைப் பார்த்தேன். பட்டையில் எறும்பு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. சத்தம் வந்தது, போனது. பத்து எண்ணிவிட்டு நானும் கிளம்பினேன். இப்போது கால்மணி நேரமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அவர் முதுகு இன்னும் கண்ணில் படவில்லை. வேர் ஒன்று குறுக்கே வருகிறது, ஈரவேர், நேராக ஏறினால் வழுக்காது, சாய்ந்தால் தள்ளிவிடும். நேராக ஏறுகிறேன். அவருக்கு இதெல்லாம் தெரியாது. முதல் ஓடையிலேயே இரண்டு முறை காலை ஊன்றினார். விடுதியில் தங்க வந்த ஐந்து பேரில் அவர்தான் எப்போதும் கடைசி. அப்படிப்பட்டவர் என்னை விட்டுவிட்டுக் கால்மணி நேரம் முன்னால் ஓட்டுகிறாரா. இறக்கம்தானே, இறக்கத்தில் யாரும் வேகமாகத்தான் போவார்கள். வெட்கத்தில் வேகமாக மிதித்திருப்பார். அப்படித்தான் இருக்கும். மூன்று டம்ளர் டீ குடித்தவர் அவர்தானா, அவர் மருமகனா.

என் வேலை கடைசியில் வருவது. வால் என்பார்கள். பெல்லாடா ஊர் போஜன் தம்பி முதலில் போவார், தங்க வந்தவர்கள் நடுவில், நான் கடைசியில். பதினான்கு கிலோமீட்டர் சுற்று, தேயிலை ஓரமாகத் தொடங்கிச் சோலைக்குள் நுழைந்து, புல்மேட்டில் ஏறி, சீகை மரக்காட்டு வழியாகத் திரும்பவும் விடுதிக்கே வந்துவிடும். முழுக்க ஒற்றையடிப் பாதை, ஒருவர் பின் ஒருவராகத்தான் ஓட்ட முடியும், ஒருவருக்குப் பின்னால் வருபவரைத் தவிர வேறு யாருக்கும் அவரைத் தெரியாது. பாதை பிரிகிற இடம் ஐந்து. அங்கெல்லாம் போஜன் ஒரு பச்சைத் தழையை ஒடித்துப் போகக் கூடாத பக்கத்தில் குறுக்கே போட்டுவிட்டுப் போவார். தழை இல்லாத பக்கம் போங்க, அவ்வளவுதான், வேறெதுவும் யோசிக்க வேண்டாம் என்று கிளம்பும்போது எல்லாரிடமும் சொல்வார். கடைசியில் வருகிற நான் ஒவ்வொரு தழையாக எடுத்து வீச வேண்டும். எடுக்காமல் விட்டால் தோட்டத்துப் பெண்கள் விறகோடு வந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிடுவார்கள். இந்தப் பக்கத்தில் பாதையில் பச்சைத் தழை கிடந்தால் முன்னால் காட்டெருமை நிற்கிறது, போகாதே என்று அர்த்தம். ஒருமுறை ஒரு தழை கிடந்துபோய், இலை எடுக்கப் போன ஏழு பெண்கள் மூன்று மைல் சுற்றிப் போனார்கள், சாயங்காலம் விடுதி வாசலில் வந்து நின்று போஜனைக் கிழி கிழியென்று கிழித்தார்கள். அதிலிருந்து என் கைக்கு அது பழக்கமாகிவிட்டது. பிரிவு வந்தால் கை தானாக இறங்கும், தழையை எடுக்கும், வீசும். நிற்கக்கூட மாட்டேன். இப்போது அதுதான் வந்து நிற்கிறது. மூன்றாவது பிரிவில் தழையை எப்போது எடுத்தேன். அவருக்கு ஒதுங்கிக் கொடுப்பதற்காக அந்தப் பிரிவைத் தாண்டினேன் அல்லவா. தாண்டும்போது கை இறங்கியதா. இறங்கியிருந்தால் அவர் வரும்போது இரண்டு பாதையும் வெறுமையாக இருந்திருக்கும். இறங்கவில்லையென்றால் தழை இன்னும் அங்கேயே கிடக்கிறது. இரண்டில் ஒன்று. இரண்டில் எது என்று என் கைக்குத் தெரியும், எனக்குத் தெரியவில்லை. உள்ளங்கையை முகர்ந்து பார்க்கிறேன், ஒற்றைக் கையால் ஓட்டியபடி. பச்சை வாசனை இருக்கிறது. ஆனால் முதல் பிரிவிலும் எடுத்தேன், இரண்டாவதிலும் எடுத்தேன். வாசனைக்கு எண் கிடையாது.

விசில் கழுத்தில் தொங்குகிறது. மூன்று முறை ஊதினால் எல்லாரும் நின்றுவிடுவார்கள், போஜன் திரும்பி வருவார். ஊதலாம். ஊதி, அவர் அங்கே மற்றவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு நின்றிருந்தால். இரண்டு முறை ஆகிவிட்டது இப்படி. முதல் முறை பின்னால் யாரோ அலறியது போலிருந்தது, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஒரு மைல் போனேன், சீட்டியடிக்கிற குருவி. இரண்டாவது முறை புல்மேட்டில் நின்று எண்ணினேன், ஆறு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து தலைதான் தெரிந்தது, விசிலை ஊதிவிட்டேன். ஆறாவது ஆள் பாறைக்குப் பின்னால் குனிந்து ஷூ கட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கூட்டம் அன்று வெளிச்சம் போகும்வரை சோலைக்குள் மாட்டிக்கொண்டது. போஜன் கோபப்படுகிற ஆள் இல்லை. மறுநாள் சமையலறைக்கு வந்து, அடுப்பைப் பார்த்துக்கொண்டே, அக்கா, இன்னொரு தடவை சும்மா திரும்பினீங்கன்னா உங்களைச் சமையலோட நிறுத்திக்க வேண்டியிருக்கும் என்றார். எனக்கு இந்த வேலையைக் கொடுத்ததும் அவர்தான். பயப்படுற ஆளுதான் கடைசியில வரணும், தைரியசாலி யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டான் என்று சொல்லித்தான் கொடுத்தார். எந்தப் பயத்துக்காக எடுத்தாரோ அந்தப் பயத்துக்காகவே நிறுத்தப் பார்க்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் முத்தழகு, தேயிலை ஃபேக்டரியில் ஷிப்டு முடித்து வந்து கட்டிலில் சாய்ந்தபடி பார்ப்பார், நான் கேஸை மூடி, மறுபடி போய்ப் பார்த்து, மறுபடி போய்ப் பார்ப்பதை. உனக்குப் பயப்பட ஒண்ணுமில்லேன்னா அதுக்கும் பயப்படுவே வள்ளிக்கண்ணு என்பார். சிரிப்புதான் வரும், ஆனால் உண்மை. சிலிண்டர் மூடியிருக்கும்போது வருகிற பயமும் திறந்திருக்கும்போது வருகிற பயமும் எனக்குள் ஒரே குரலில்தான் பேசுகின்றன. ஒன்றாவது கொஞ்சம் உரக்கப் பேசினால் அடையாளம் தெரியும். பேசுவதில்லை. அதனால்தான் ஒவ்வொன்றுக்கும் எழுந்து போகிறேன்.

சைக்கிளில் இருக்கும்போது மட்டும் அது வாயை மூடிக்கொள்ளும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் ஆறாவதோடு என்னை நிறுத்தினார்கள், பெரிய பள்ளிக்கூடம் நான்கு மைல், யார் கூட்டிக்கொண்டு போவது என்றார் அப்பா. மூன்று வருஷம் கழித்து அறிவொளி வகுப்பில் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தார்கள், ஒரே நாளில் கற்றுக்கொண்டேன், அந்த நான்கு மைலை அரைமணியில் போய்ப் பள்ளிக்கூட வாசலைத் தொட்டுவிட்டு வந்தேன், என் வகுப்புப் பிள்ளைகள் அப்போது ஒன்பதாவது முடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கல்யாணம், மலை, இருபத்தைந்து வருஷம் சைக்கிளைத் தொடவில்லை. விடுதிக்குச் சமைக்க வந்த இடத்தில் சின்ன அளவு மலைச் சைக்கிள் ஒன்று யாருக்கும் பொருந்தாமல் சுவரில் சாய்ந்திருந்தது. இந்தப் பாதையில் கண் ஆறடி முன்னால் இருக்க வேண்டும், கல், வேர், சேறு, கை இரண்டு விரலால் பிரேக்கை மெல்லத் தொட வேண்டும், இடுப்பு சீட்டிலிருந்து எழ வேண்டும், இதற்கிடையே கேஸ் மூடினேனா என்று நினைக்க இடமே இருக்காது. மூன்று மணி நேரம். வாரத்தில் இரண்டு நாள். நாற்பத்தேழு வயதில் எனக்குக் கிடைத்த ஓய்வு அதுதான். அதைத்தான் போஜன் எடுத்துவிடுவார். இன்றைக்குப் பாருங்கள், வேர்மேல் ஏறிக்கொண்டே நினைக்கிறேன், சேற்றில் இறங்கிக்கொண்டே நினைக்கிறேன். சேற்றில் தடம் இருக்கிறது. முன்னால் போன சைக்கிள்களின் தடம் ஒன்றன்மேல் ஒன்றாக நசுங்கிக் கிடக்கிறது, ஐந்தா ஆறா யார் சொல்ல முடியும். பெரிய படிப்பாளி வந்து படித்தாலும் சொல்ல முடியாது.

இடது பாதையில் என்ன இருக்கிறது என்று நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன். அது முதலில் நல்ல பாதை போலத்தான் இருக்கும், இதைவிட அகலம், இறக்கம், ஆசையாக உருட்டிக்கொண்டு போகும். கொஞ்ச தூரம் இந்தப் பாதைக்குக் கீழேயே, நடுவில் ஒரு புதரை வைத்துக்கொண்டு, ஒட்டியபடி ஓடும். பிறகு விலகி, வளைந்து, பலகைப் பாலத்துக்குப் போகும். பாலம் போன ஐப்பசி மழையில் அடித்துக்கொண்டு போய்விட்டது. வளைவு திரும்பியதும் பாலம் இருந்த இடம். கீழே பாறை, இரண்டு ஆள் ஆழம். ஒட்டியபடி ஓடும். இதை ஏன் இவ்வளவு நேரம் நினைக்கவில்லை. நான் நின்ற மரத்துக்கு நேர் கீழே அந்தப் பாதை. டிக்டிக் சத்தம் எனக்குப் பின்னாலிருந்து வந்ததா, கீழேயிருந்து வந்ததா. எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காது எறும்பைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லையே, காதுக்குத் தெரிய வேண்டுமே. பக்கத்தில் கேட்டது, அவ்வளவுதான் அது சொல்கிறது. காலையில் அவர் தலைக்கவசத்தைப் பின்பக்கம் முன்னால் வைத்து மாட்டிக்கொண்டு வந்தார், எல்லாரும் சிரித்தார்கள், மருமகன் கௌசிக் போனில் படம் பிடித்தான். மாமா ஈரோட்டுலயே சொந்த வீட்டுக்கு வழி கேட்டுத்தான் வருவாரு, இன்னிக்கு நமக்கெல்லாம் தர்ம தரிசனம் என்றான். கனகசபை அவர் பேர். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார், சிரித்து முடித்ததும் அவர் முகம் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. நான் கவசத்தைத் திருப்பி மாட்டி, தாடைக்குக் கீழே வாரை இழுத்துவிட்டேன். அவர் மகள் ஆறு மாதக் கர்ப்பிணி, அதனால் விடுதியிலேயே இருந்துவிட்டாள். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பாவுக்கு இதெல்லாம் பழக்கமில்லக்கா, இவர் கூப்பிட்டாருன்னு மறுக்க முடியாம வர்றார், பாத்துக்குங்க என்றாள். நான் பாத்துக்கிறேம்மா என்றேன். சொன்னேன்தானே. அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

சோலை முடிந்து வெளிச்சம் வருகிறது. புல்மேடு. மூச்சு வாங்க ஏறி, எப்போதும் நிற்கிற இடத்தில் காலை ஊன்றுகிறேன். இங்கிருந்து எதிர்ச்சரிவில் பாதை வெள்ளை நூல் போலத் தெரியும், முன்னால் போகிறவர்கள் புள்ளி புள்ளியாகத் தெரிவார்கள். மஞ்சு பாதி மூடியிருக்கிறது. ஒன்று, போஜனின் சிவப்புச் சட்டை. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஐந்தாவதுக்குப் பிறகு பாதை பாறைக்குப் பின்னால் போகிறது, அதன்மேல் மஞ்சு. ஆறாவது ஆள் பாறைக்குப் பின்னால் இருக்கலாம். போன முறையும் இதே இடம், இதே ஐந்து, இதே பாறை. அவள் ஷூ கட்டிக்கொண்டிருந்தாள். காத்திருக்கிறேன். மஞ்சு நகர்கிறது, பாறை தெரிகிறது, பாறைக்கு இந்தப் பக்கம் யாரும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருக்கலாம். அவரும் ஷூ கட்டிக்கொண்டிருக்கலாம், ஒருவர் கட்டியது போல இன்னொருவரும் கட்டக் கூடாதா. நான் இப்படியே மேலே போய், நான்காவது பிரிவில் எல்லாருக்கும் காத்து நிற்கும் போஜனிடம் சாதாரணமாக, எல்லாரும் வந்தாச்சா தம்பி என்று கேட்கலாம், அதில் என் பேர் கெடாது. அதற்கு இன்னும் இருபது நிமிஷம். இருபது நிமிஷம் ஒருவர் பாறையில் கிடந்தால். கிடக்கவில்லையென்றால் சமையலறை. திரும்பிப் போனால் இழப்பது இந்த இரண்டு நாள், போகாமல் இருந்தால் இழப்பது எது என்று தெரியவில்லை. இது உண்மையான பயமா, சிலிண்டர் பயமா என்று உள்ளே கேட்டுப் பார்க்கிறேன். ஒரே குரல். எத்தனை தடவை கேட்டாலும் ஒரே குரல்தான் வரும். அதைக் கேட்டு முடிவெடுக்கப் பார்ப்பதே தப்பு என்று தோன்றுகிறது. குரலை விட்டுவிட்டால் மிச்சம் இருப்பது ஒன்றுதான், நான் அவரைப் பார்க்கவில்லை. கடைசியில் வருகிறவள் ஒரு ஆளைக் கண்ணால் பார்க்காமல் வந்திருக்கிறேன். முன்சக்கரத்தைத் தூக்கித் திருப்புகிறேன். விசிலை ஊதவில்லை. ஊதினால் அவர்களும் சேர்ந்து இந்தப் பொழுதை இழப்பார்கள். இழப்பது நான் மட்டுமாக இருக்கட்டும்.

இறங்கியது ஏற்றமாக, ஏறியது இறக்கமாக வருகிறது, பாதை தெரிந்ததாகவே இல்லை. வேரெல்லாம் மறுபக்கத்திலிருந்து பார்க்கின்றன. ஒரு இடத்தில் விழுந்துவிட்டேன், முழங்கை கல்லில் சிராய்த்தது, எழுந்து மிதிக்கிறேன். நாவல் மரம். எறும்பு வரிசை இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. வளைவு, பிரிவு. தழை பாதையில் இல்லை. ஓரத்தில், நான் எப்போதும் வீசுகிற விதத்தில், குச்சி மேலே பார்க்க விழுந்து கிடக்கிறது. எடுத்திருக்கிறேன். இடது பாதையின் ஈர மண்ணில் ஒரே ஒரு சைக்கிளின் தடம், புதுசு, ஓரங்கள் இன்னும் உதிரவில்லை. கீழே போகிறது. திரும்பி வந்த தடம் இல்லை. ஆச்சரியமாக இருக்கிறது, உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அடுப்பை அணைத்தது போல எல்லாம் நின்றுவிட்டது. விசிலை எடுத்து மூன்று முறை ஊதுகிறேன், நிறுத்தி, மறுபடி மூன்று. தூரத்தில் எங்கோ போஜனின் விசில் ஒருமுறை பதில் சொல்கிறது. சைக்கிளைப் பிரிவில் படுக்கவைத்துவிட்டு நடந்து இறங்குகிறேன். சார் என்று கூப்பிடுகிறேன். கனகசபை சார்.

பாலம் இருந்த இடத்துக்குப் பத்தடி முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார். உயிரோடு. சைக்கிள் மட்டும் கீழே பாறையில், சக்கரம் வானத்தைப் பார்க்க. அவர் கடைசி நேரத்தில் பக்கவாட்டில் விழுந்திருக்கிறார், ஒரு ஷூவைக் கழற்றி வைத்திருந்தார், கணுக்கால் வீங்கி நீலம் பாரித்திருந்தது. கன்னமெல்லாம் மண். என்னைப் பார்த்ததும் வலியைச் சொல்லவில்லை, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்ததைச் சொல்லவில்லை. கணக்கு வாத்தியாரிடம் விடையைக் காட்டுகிற மாணவன் போல என்னையே பார்த்துச் சொன்னார்.

"தழை இல்லாத பக்கம்தானேம்மா போகச் சொன்னாங்க. ரெண்டு பக்கமும் தழை இல்ல. சரி, இது அகலமா இருக்கேன்னு வந்தேன்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். பையிலிருந்து தண்ணீரைக் கொடுத்தேன், துணிப்பட்டையை எடுத்துக் கணுக்காலில் சுற்றினேன். சுற்றி முடிச்சுப் போட்டேன். பிறகு சொன்னேன்.

"இந்தப் பக்கம் கிடந்தது சார். நான்தான் எடுத்தேன். நீங்க வர்றதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் கீழே கிடந்த சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. அப்போ நான் தப்பா வரல என்றார், தனக்குத்தானே. பிறகு என் முழங்கை ரத்தத்தைப் பார்த்தார். இதனால உங்க வேலை என்னாகும்மா என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் யோசித்து, குரலைத் தாழ்த்தி, நானே வழி மாறிட்டேன்னு சொல்லிக்கலாம்மா, எங்க வீட்ல யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க, பழகிப்போச்சு என்றார். நல்ல மனுஷன். சொல்லும்போதே அந்தக் காலை நேரத்துச் சிரிப்பு அவர் முகத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. எனக்கு ஆசையாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், ஆசையாக இருந்தது. ஒரு வார்த்தையில் முடிந்துவிடும், வாரத்தில் இரண்டு நாள் எனக்கு மிஞ்சும், அவருக்கு வழி தெரியாது என்று ஏற்கெனவே எல்லாருக்கும் தெரியும். நான் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. மேலே காலடிச் சத்தம், மூச்சிரைப்பு, சரளை உருளும் சத்தம். போஜன் முதலில் வந்தார், பள்ளத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் கௌசிக், அவனுக்குப் பின்னால் மற்றவர்கள். கௌசிக்கின் முகம் வெளிறியிருந்தது, ஆனால் மாமா உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் பயமெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"என்ன மாமா, இலை கிடக்குதா இல்லையான்னு பாக்கத்தானே சொன்னாங்க. அதுகூடவா?"

கனகசபை சார் சிரிக்கத் தொடங்கினார்.

"இலை கிடக்கல தம்பி," என்றேன். "நான் முன்னாடியே எடுத்துட்டேன். அவர் சொன்னபடிதான் வந்தார். தப்பு என்னுது."

சிரிப்பு பாதியில் நின்றது. கௌசிக் என்னைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், குனிந்து அந்தக் கழற்றிய ஷூவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். போஜன் பக்கத்தில் மண்டியிட்டார். கணுக்கால் கட்டை அழுத்திப் பார்த்தார், இறுக்கம் சரி என்பது போலத் தலையாட்டினார், ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுக்கச் சொல்லி அவரை நிமிர்த்தினார். எல்லாரும் கிளம்பத் தயாரானதும் நான் பழக்கத்தில் ஓரமாக ஒதுங்கினேன், எல்லாரும் போகட்டும், கடைசியில் நான் என்று. போஜன் அசையவில்லை. "நீங்க முன்னால நடங்கக்கா," என்றார். "நான் கடைசியில வரேன்." குரலில் கோபம் இல்லை. அதனால்தான் புரிந்தது.

முன்னால் நடக்கிறேன். இந்தப் பாதையில் எனக்கு முன்னால் யாருமே இல்லாமல் நடப்பது இதுதான் முதல் தடவை. ஈர மண், இறங்கி வந்த அந்த ஒற்றைத் தடம், அதன் ஓரமாகக் காலை வைத்து ஏறுகிறேன். பின்னால் அவர்கள் மூச்சு வாங்கும் சத்தம், ஒரு காலை மட்டும் ஊன்றித் தாவுகிற சத்தம், நின்று, மறுபடி தாவுகிற சத்தம். மூச்சுக்கு நடுவே அவர் குரல் கேட்கிறது, மருமகனிடம்தான், அவசரமில்லாமல், முதலிலிருந்து சொல்கிறார். நான் சரியாத்தான் வந்தேன் தம்பி. பிரிவுல நின்னு ரெண்டு பக்கமும் பாத்தேன். நல்லாப் பாத்துட்டுத்தான் வந்தேன். ஆமா மாமா என்கிறான் அவன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சொல்கிறார். ஆமா மாமா. கேட்டுக்கொண்டே ஏறுகிறேன்.